இறக்கத்தில் இருமாத கார்

அத்தியாயம் 3

"பொய் சொல்ற அளவுக்கு அந்த ஆளுக்கு மூளை இருந்தா, நான் ஏங்க இருபத்திரண்டு வருஷமா ஆஸ்பத்திரித் துணியைத் துவைச்சுக்கிட்டு இருக்கேன்?" என்றாள் டிரைவரின் மனைவி.

கட்டிய கணவனுக்கு நற்சான்று கொடுக்க எத்தனையோ வழி இருக்கிறது. இப்படி ஒரு வழியை ஸ்பேனர் கேள்விப்பட்டதே இல்லை. பக்கத்து ஸ்டூலில் டிரைவர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

நான்கு பேரும் டெய்லர் கடையில் இருந்தார்கள். தொழிற்பயிற்சிப் பள்ளியின் வாசலிலிருந்து இறங்கும் சரிவு முடிகிற முனையில் அந்தக் கடை. டிரைவர் பள்ளி வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று மெமோ கொடுத்திருந்தார்கள். அதனால் விசாரணை இங்கே, தொங்கிக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் பேன்ட்டுகளுக்கு நடுவே நடந்தது. ஐந்தாவது ஆளான டெய்லர் வாய் நிறையக் குண்டூசியைக் கவ்விக்கொண்டு காலர் தைத்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது "ம்ம்" என்றார். யாரும் பொருட்படுத்தவில்லை.

ஸ்பேனர் என்பது அவன் பெயரல்ல. பஸ் டெப்போவில் பதினோரு வருடம் ராத்திரி ஷிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். ஒரு நாள் விடிகிற நேரத்தில், கையிலிருந்த ஸ்பேனரை சூப்பர்வைசர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டான். 'வைத்துவிட்டு' என்பது அவன் வாக்குமூலம். மேஜைக் கண்ணாடி வேறு மாதிரி சொன்னது. அதற்குப் பிறகு அக்காவிடம் வந்து சேர்ந்தான்.

அக்கா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் விசாரணை அதிகாரியாக இருந்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிபவள். எரிந்த கடை எது, எரிக்கப்பட்ட கடை எது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். கார் விஷயத்தில் மட்டும் ஞானசூனியம். கதவை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பது வரைக்கும்தான் தெரியும்.

"முதல்லேர்ந்து சொல்லு. சுருக்கமா," என்றாள் அக்கா.

டிரைவர் சொன்னான். செவ்வாய்க்கிழமை மதியம் பள்ளி முதல்வரின் காரை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனான். பரீட்சைக்கான கேள்வித்தாள் கட்டை வாங்கி வர வேண்டும். இருபது நிமிஷ தூரம். போகும்போது வண்டி சொன்னபடி கேட்டது. அங்கே அரை மணி நேரம் நிறுத்திவிட்டுக் கிளம்பினால், பாதி வழியில் மிஸ்ஸிங்.

"ஆக்சிலேட்டரை மிதிச்சா இழுக்கவே இல்லைங்க. ஏத்தத்துல குலுக்கி எடுக்குது. பின்னாடி சைலன்சர்ல டமார் டமார்னு வெடி. அப்படியே நின்னுடும். பத்து நிமிஷம் ஆறவிட்டா ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் போகும், மறுபடியும் டமார். வந்து சேர ஒரு மணி நாப்பது நிமிஷம் ஆயிடுச்சு."

"கட்டை யார் வாங்கினாங்க?"

"மோட்டார் வாத்தியார். இந்த வருஷம் பரீட்சைப் பொறுப்பு அவருக்கு. பூட்டி வைக்கிற அறைச் சாவியும் அவர்கிட்டதான். வாங்கிட்டு ரிஜிஸ்டர்ல எழுதினார். கையெழுத்துப் போடுன்னார், போட்டேன்."

"என்ன எழுதியிருந்தார்?"

டிரைவர் மனைவியைப் பார்த்தான். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"படிக்காம போட்டிருக்காருங்க," என்றாள் அவள். "'ஒரு மணி இருபது நிமிடம் தாமதம். அரக்கு முத்திரை ஒரு பக்கம் விலகியிருக்கிறது.' அதுக்குக் கீழ இவர் கையெழுத்து, அழகா, ரெண்டு புள்ளி வச்சு."

மறுநாள் காலை கேள்வித்தாள் ஊர் முழுக்கச் சுற்றியது. முதல்வர் காரைச் சோதிக்கச் சொன்னார். சோதித்தவரும் மோட்டார் வாத்தியார்தான். கார் தேன் மாதிரி ஓடியது. அப்படியானால் அந்த ஒரு மணி இருபது நிமிஷம் டிரைவர் எங்கே போனான்? அதே பள்ளியில் மின்சாரப் பிரிவில் படிக்கும் மகளுக்காகக் கட்டைப் பிரித்திருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். திங்கட்கிழமைப் பரீட்சையில் மகள் உட்காரக் கூடாது. இன்று நான்கு மணிக்கு முதல்வரின் புகார்க் கடிதம் போலீஸுக்குப் போகிறது.

மணி இரண்டு.

"ரெண்டு மணி நேரம் தாராளம்," என்றான் ஸ்பேனர். "டெப்போவுல இந்த நேரத்துல ரெண்டு எஞ்சின் இறக்கி, ஒரு தூக்கமும் போட்டுடுவேன்."

"தூக்கம்தான் போட்டிருப்பே," என்று அக்கா எழுந்தாள்.

*

முதல்வர் மெலிந்தவர். அவர் பேசும் வாக்கியங்கள் எல்லாமே ஏதோ கோப்பிலிருந்து எடுத்துப் படிக்கிற மாதிரி இருந்தன. "விசாரணை முடிந்தது. ஆனாலும் நியாயமாக நடந்துகொண்டோம் என்பது பதிவாக வேண்டும். பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஷெட்டுக்கு அனுப்பினார்.

ஷெட்டில் மோட்டார் வாத்தியார் காத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. சட்டைப் பையில் மூன்று பேனா. கையில் ஒரு துணி. பேசும்போதே எதையாவது துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்பேனருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஷெட்டின் தரையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதனதன் உருவத்தை வரைந்து, அதன்மேல் அதை மாட்டியிருந்தார்.

"பிளக், பாயின்ட், காயில், கார்புரேட்டர், எல்லாம் பார்த்துட்டேன்," என்று ரிப்போர்ட்டை நீட்டினார். "பாவம், நல்ல மனுஷன்தான். புள்ளைப் பாசம், என்ன பண்றது?"

அக்கா ரிப்போர்ட்டைப் படித்தாள். கடைசி வரியில் அவள் விரல் நின்றது. 'ஏற்றத்திலோ இறக்கத்திலோ சைலன்சரில் எந்த வெடிச் சத்தமும் இல்லை.'

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாமா?"

"தாராளமா," என்றார் வாத்தியார். போகிற போக்கில் கதவுக் கைப்பிடியையும் துடைத்துவிட்டார்.

பச்சை நிறக் கார். வயது முப்பத்தொன்று. ஸ்பேனர் அதை நகரின் எல்லா மேடுகளிலும் ஏற்றினான். அரை மணி நேரம் வேண்டுமென்றே கொதிக்கக் கொதிக்க ஓட்டினான். நிறுத்திப் பார்த்தான். மறுபடி ஓட்டினான். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு தும்மல் இல்லை.

"அக்கா, கேஸ் முடிஞ்சது. டிரைவர் புளுகறான். இந்த வண்டி என்னைவிட ஆரோக்கியமா இருக்கு."

"உன்னைவிட ஆரோக்கியமா இருக்கிறதெல்லாம் சாட்சி ஆகாதுடா. திருப்பு."

பள்ளி வாசல் வரை ஏறித் திரும்பி, சரிவில் இறங்கினான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு டெய்லர் கடை முனைக்கு வந்து நின்றது.

டெய்லர் தையல் மெஷினை நிறுத்தினார். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். ஏழு இருந்தன.

"என்னங்க இது, வண்டிக்கு இருமல் நின்னுபோச்சா?" என்றார்.

"என்ன இருமல்?" என்றாள் அக்கா.

"ஒன்பது வருஷமா இங்க கடை வச்சிருக்கேன். அந்தக் கார் இந்த இறக்கத்துல இறங்கும்போதெல்லாம் பட் பட் பட்டுனு மூணு வெடி போடும். எத்தனை தடவை ஊசியை விரல்ல ஏத்தியிருக்கேன் தெரியுமா? அப்பவே சொல்ல வந்தேன், நீங்க யாரு கேட்டீங்க?"

"வாயில ஊசி இருந்ததே!" என்றான் ஸ்பேனர்.

"தொழில்னா அப்படித்தான். உங்க வாயில எதுவும் இல்லை, ஆனா உருப்படியா எதுவும் வரலையே."

டிரைவரின் மனைவி முதல்முறையாகச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. ஸ்டூலை டெய்லருக்கு நேர் எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"கடைசியா எப்ப இருமிச்சு?"

"செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். பட் பட் பட். மறுபடி ஒன்பதரைக்கு நான் கடை சாத்தும்போது அதே வண்டி இறங்கிச்சு. சத்தமே இல்லை. சரி, காது போச்சுன்னு நினைச்சுட்டேன்."

டிரைவர் நிமிர்ந்தான். "செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கே நான் சாவியை ஆபீஸ் போர்டுல மாட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேனே!"

"ஆமா," என்றாள் மனைவி. "வந்து அப்படியே சுவரைப் பார்த்துப் படுத்தார். கேட்டா வண்டி வெடிக்குதுன்னு சொல்லிட்டு மறுபடி சுவரைப் பார்த்தார்."

*

ஸ்பேனர் பானட்டைத் தூக்கினான். ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு விசிலடித்தான்.

எஞ்சினிலிருந்து புகையை வாங்கி சைலன்சருக்கு அனுப்பும் இரும்புக் குழாய் துருப்பிடித்து, பழைய கப்பலின் அடிப்பாகம் மாதிரி இருந்தது. அது எஞ்சினோடு சேரும் இடத்தில் மட்டும் பளபளவென்று புது நட்டுகள். நடுவே, கசிவை அடைக்க வைக்கும் கேஸ்கெட்டின் விளிம்பு, அதுவும் புதுசு.

"டிரைவரே, இது நீங்க மாத்தினதா?"

"நானா? மூணு வருஷமா எழுதிக் கேட்டுக்கிட்டு இருக்கேன். அங்க காத்துக் கசியுது, இறக்கத்துல வெடிக்குதுன்னு. மூணு தடவையும் முதல்வர் 'அவசியமில்லை'ன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டார்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு, ஸ்பேனர்," என்றாள் அக்கா.

"ரெண்டு வெடி அக்கா, ரெண்டும் வேற வேற ஜாதி. ஏத்தத்துல மிதிக்கும்போது குலுக்கிக்கிட்டு வெடிச்சா, எஞ்சின்ல பொறி சரியா விழலைன்னு அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் அங்க எரியும். இறக்கத்துல காலை எடுக்கும்போது பட் பட்டுன்னா, குழாய்ல எங்கயோ வெளிக்காத்து புகுந்து மிச்சமீதியைக் கொளுத்துதுன்னு அர்த்தம். அதனால யாருக்கும் நஷ்டமில்லை, டெய்லர் விரலைத் தவிர. செவ்வாய்க்கிழமை ரோட்டுல வந்தது முதல் வெடி. ஒன்பது வருஷமா வர்றது ரெண்டாவது வெடி."

"முதல் வெடியை வேணும்னே வரவைக்க முடியுமா?"

"சுண்டுவிரல் அளவுக்கு கண்டன்சர்னு ஒரு பொருள் இருக்கு. கெட்டுப்போன கண்டன்சர் குளிர்ச்சியா இருக்கும்போது சமர்த்தா இருக்கும், சூடேறினா ஆட்டம் காட்டும். காலையில அதைப் போட்டு விட்டா, போகும்போது வண்டி ஒழுங்காப் போகும், வரும்போது நடுரோட்டுல நிக்கும். சாயங்காலம் நல்லதை மாட்டிட்டா ஒரு தடயம் இருக்காது. அஞ்சு நிமிஷ வேலை."

"சரி. அஞ்சு நிமிஷத்துல மாட்டிட்டான். சரியாச்சான்னு ஏழு மணிக்கு ஓட்டிப் பார்க்கிறான். இறக்கத்துல பட் பட் பட். அவன் என்ன நினைப்பான்?"

ஸ்பேனரின் கை பானட்டின்மேல் நின்றது.

"தான் வச்ச கோளாறு இன்னும் போகலைன்னு நினைப்பான்!"

"இந்த வண்டி ஒன்பது வருஷமா இருமுதுன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். வந்து நாலு மாசமே ஆன ஆளுக்குத் தெரியாது. மறுநாள் யாராவது ஓட்டிப் பார்த்து ஒரு வெடி வெடிச்சாலும் போச்சு, டிரைவர் சொன்னது நிஜம்னு ஆயிடும். அதனால உட்கார்ந்து ரெண்டரை மணி நேரம் அதையும் சரி பண்ணியிருக்கான். கண்டன்சரோட நிறுத்தியிருந்தா தப்பிச்சிருப்பான்."

"மோட்டார் வாத்தியாருக்கு ரெண்டு வெடிக்கும் வித்தியாசம் தெரியாதா அக்கா? பாடமே நடத்தறாரே!"

"தெரியும். பயத்துல இருக்கிறவன் காதுல பாடம் ஏறாது."

டிரைவர் எழுந்துவிட்டான். "அப்ப வாங்க, போய் முதல்வர்கிட்ட சொல்லலாம்!"

"என்னன்னு?" என்றாள் அக்கா. "புது நட்டுல பேர் எழுதியிருக்கா? நீயே மாத்தினேன்னு அந்த வாத்தியார் சொல்லுவார். டெய்லர் கேட்டது சத்தத்தை, பார்த்தது ஆளை இல்லை. வாத்தியார் வாயாலேயே வரணும்."

"வராது. அவர் வாயைக்கூட துடைச்சுதான் வச்சிருப்பார்."

"அவர் ஷெட்டைப் பார்த்தியே. அந்த ஆளுக்கு எங்க குத்தினா வலிக்கும்னு உனக்குத் தெரியாதா? நீயும் மெக்கானிக்தானே?"

ஸ்பேனர் யோசித்தான். பிறகு டிக்கியிலிருந்த டூல் பையை எடுத்து, சூடாக இருந்த குழாயில் இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டு, புது நட்டுகளில் இரண்டை நன்றாகத் தளர்த்தினான்.

மணி மூன்றரை.

*

"இந்த ஒரு ரவுண்டு. அப்படியே நேராக ஸ்டேஷன்," என்று முதல்வர் முன்சீட்டில் ஏறினார். சட்டைப் பையில் புகார்க் கடிதம் நீட்டிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் அக்காவும் மோட்டார் வாத்தியாரும். "சோதித்தவர் கூட இருந்தால்தான் பதிவுக்கு நல்லது" என்று அக்கா சொன்ன காரணம் முதல்வருக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஸ்பேனர் வாசலைத் தாண்டினான். சரிவின் உச்சியில் வேகத்தைக் கூட்டி, சட்டென்று காலை எடுத்தான்.

பட். பட் பட்.

வாத்தியார் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

முதல்வர் திரும்பக்கூட இல்லை. அவருக்கு அந்தச் சத்தம் தன் சொந்த மூச்சு மாதிரி.

"வாத்தியாரே," என்றாள் அக்கா, "இறக்கத்துல வெடிக்கலைன்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்கீங்களே?"

"அது... வெடிக்கலையே."

பட் பட்.

"சரியாப் பார்த்திருக்க மாட்டார் அக்கா," என்றான் ஸ்பேனர் கண்ணாடி வழியே. "பாவம், கரும்பலகையில படம் போடற வாத்தியார். கையில அழுக்குப் பட்டா ஒத்துக்காது. இதெல்லாம் டெப்போவுல முதல் வாரம் வர்ற அப்ரென்டிஸ் கண்டுபிடிப்பான்."

"நான் பார்க்கலையா?"

"பார்த்திருந்தா வெடிக்குமா? யாரோ அரைகுறை கேஸ்கெட்டை ஏனோதானோன்னு வச்சிருக்கான்."

"ஏனோதானோவா!" வாத்தியாரின் குரல் உடைந்தது. "முகப்பு ரெண்டையும் தேய்ச்சு, சமம் பார்த்து, நடுவிலேர்ந்து வெளியே ஒவ்வொரு நட்டா முறையா இறுக்கியிருக்கேன்! அந்த ஜாயின்ட்ல இன்னும் பத்து வருஷத்துக்கு ஒரு பொட்டுக் காத்து..."

கார் டெய்லர் கடை முனையில் நின்றது. எஞ்சின் மட்டும் டிக் டிக்கென்று பேசிக்கொண்டிருந்தது.

முதல்வர் மெதுவாகத் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"புது கேஸ்கெட்டா? அதற்கு நான் மூன்று தடவை அனுமதி மறுத்திருக்கிறேனே! யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?"

கேள்வித்தாள் திருட்டைப் பற்றிக்கூட அவர் இவ்வளவு கோபமாகப் பேசி ஸ்பேனர் கேட்கவில்லை.

"அதைத்தான் நானும் கேட்கிறேன் சார்," என்றாள் அக்கா. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டிரைவர் போனதுக்கப்புறம், யாருக்கும் சொல்லாம, ரிப்போர்ட்லயும் எழுதாம, இவர் ஏன் உங்க காரைப் பழுது பார்த்தார்? வண்டியில கோளாறே இல்லைன்னா பார்க்கறதுக்கு என்ன இருந்தது? டிரைவர் நடுரோட்டுல நின்னது நிஜம்னா, கட்டு தனியா இருந்த இடம் ஒண்ணுதான். சாவி இவர் பையில இருக்கிற அறை."

வாத்தியார் துணியை மடித்தார். நான்காக, எட்டாக. அதற்குமேல் மடிக்க முடியவில்லை.

"கண்டன்சர் எங்க எடுத்தீங்க?" என்றான் ஸ்பேனர், இப்போது கேலி இல்லாமல்.

"பாடம் நடத்தற பெட்டியில. பழுதான பாகங்கள் வரிசையில ஏழாவது." வாத்தியார் முதல்வரைப் பார்க்காமல் பேசினார். "சாயங்காலம் வீட்டுல டியூஷன் எடுக்கறேன் சார். பன்னெண்டு பசங்க. போன தடவை ஒருத்தன்கூடத் தேறலை. நல்லா சொல்லித்தர்றேன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா ஒருத்தனும் தேற மாட்டேங்கிறான். கட்டு வந்ததும் முத்திரையைப் பத்தி எழுதிட்டு, அப்புறம்தான் பிரிச்சேன்."

சாவியை எடுத்து முன்சீட்டுக்கு நீட்டினார். அதையும் துடைத்துத்தான் நீட்டினார்.

முதல்வர் காரை விட்டு இறங்கினார். டெய்லர் கடை வாசலில் நின்ற டிரைவரைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். மன்னிப்பு மாதிரி ஏதோ ஒன்று அந்தத் தொண்டை வரைக்கும் வந்தது. பிறகு வந்த வழியே திரும்பிவிட்டது.

"சரி. வண்டியை எடுப்பா. ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்."

டிரைவர் நகரவில்லை.

"நான் சஸ்பென்ஷன்ல இருக்கேன் சார். வண்டியைத் தொட்டா ஒழுங்கு நடவடிக்கைன்னு மெமோவுல போட்டிருக்கு."

"அதெல்லாம் ரத்து. நான் சொல்கிறேனே!"

"வாயால சொன்னா பதிவாகாது சார்," என்றான் டிரைவர். குரலில் கிண்டல் துளியும் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் முதல்வருக்குச் சுருக்கென்று இருந்திருக்கும்.

முதல்வர் சரிவை அண்ணாந்து பார்த்தார். அலுவலகம் உச்சியில் இருந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. பையிலிருந்த புகார்க் கடிதத்தை உருவி, பின்பக்கம் திருப்பி, காரின் பானட்டின்மேல் வைத்தார். வாத்தியார் பின்சீட்டிலிருந்து தன் பேனாக்களில் ஒன்றை ஜன்னல் வழியே நீட்டினார். வேறு வழியில்லாமல் முதல்வர் வாங்கிக்கொண்டார்.

"சஸ்பென்ஷன் ரத்து," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"இன்னிக்குத் தேதி போடுங்க," என்றாள் டிரைவரின் மனைவி, பக்கத்தில் வந்து நின்றுகொண்டு. "அடுத்த வரியில, என் பொண்ணு பரீட்சை எழுதலாம்னு போடுங்க. பொண்ணு பேரு, பதிவு எண், ரெண்டும் வேணும். நான் சொல்றேன், எழுதுங்க."

அவள் எண்ணைச் சொன்னாள். ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. மதிய வெயிலில் ஓடிய காரின் பானட் கொதித்துக்கொண்டிருந்தது. முதல்வர் ஒரு கையை மாற்றி மறு கையை ஊன்றி, அதையும் எடுத்து உதறி, முழங்கையைத் தூக்கிக்கொண்டு எழுதினார். டெய்லர் கடையில் அடியில் வைத்து எழுதத் தோதான அட்டைகள் கட்டுக் கட்டாக இருந்தன. ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை.